தாத்தாவின் குதிரைத் துப்பாக்கிக்குக் கரிமருந்துத் தோட்டா கட்டலாமா?

கேள்வி கேட்டவர் டர்பனுக்கு வடக்கே டொங்காட்டைச் சேர்ந்த ஒரு தம்பி. கரும்புத் தோட்டம் வைத்திருந்த தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி அவர் கைக்கு வந்திருக்கிறது. குழல் அளவு 12 போர், வெளியே தெரியும்படி இரண்டு குதிரை (விசையை இழுத்தால் விழுந்து அடிக்கும் சுத்தி), குழல் முழுக்க அலையலையாக ரேகை. உரிமம் அவர் பெயருக்கு மாறிவிட்டது. கடையில் வாங்கிய புதுத் தோட்டா உள்ளே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் சுடப் பயம். கரிமருந்து, அதாவது அந்தக் காலத்துக் கறுப்பு வெடிமருந்து, போட்டுத் தானே தோட்டா கட்டிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். எப்படிக் கட்டுவது என்பது கேள்வி.

பயந்தது நல்லது தம்பி. அந்தப் புதுத் தோட்டாவை அதில் ஒருபோதும் சுடாதீர்கள். நண்பர் சொன்னது பாதி சரி. தோட்டா கட்டுவது ஒரு மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய கைவேலை. ஆனால் கரிமருந்து போட்டால் எந்தப் பழைய துப்பாக்கியும் தாங்கும் என்பது தப்பு. முதலில் குழலைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. அதனால் பதிலையும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம் ‘பழம்பொருள்’ என்று சலுகை காட்டுவது 1900க்கு முன் செய்த, குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கும் அவற்றின் நகல்களுக்கும் மட்டும்தான். நடுவில் மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது, நல்லது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரைதான் வைத்திருக்கலாம். பதிவுபெற்ற வேட்டைக்காரர், போட்டிக்காரர்களுக்கு விதி வேறு. தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் உச்சவரம்பு உண்டு. கரிமருந்து சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். அதை வீட்டில் எவ்வளவு வைக்கலாம், எதில் வைக்கலாம், அனுமதி எப்படி என்பதையெல்லாம் மருந்து விற்பவரிடமும் உங்கள் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடமும் கேட்டுத் தெளிந்துகொண்ட பிறகே வாங்குங்கள். கரிமருந்தை வீட்டிலேயே இடித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டப்பாவில் வாங்கும் மருந்தின் மணி அளவு ஒரே சீராக இருக்கும். இந்த வேலையே அந்தச் சீரை நம்பித்தான் நடக்கிறது.

சரி, குழலுக்கு வருவோம். அலையலையான அந்த ரேகை வெறும் அலங்காரம் இல்லை. இரும்பையும் எஃகையும் மெல்லிய கம்பிகளாக்கி, முறுக்கி, நாடாவாகத் தட்டி, ஒரு தண்டின் மேல் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைத்த குழல் அது. டமாஸ்கஸ் குழல் என்பார்கள். முழு எஃகுக் கம்பியைக் குடைந்து எடுத்ததல்ல, நெடுக ஒட்டுதான். அதற்காக அது மட்டமான சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். 1891இல் பர்மிங்காம் சோதனைச் சாலையில் பலவகைக் குழல்களை வெடிக்கும் வரை மருந்தேற்றிச் சோதித்தபோது, நல்ல ஆங்கில டமாஸ்கஸ் குழல், எஃகுக் குழல்களுக்குச் சளைக்காமல் நின்றது. ஆனால் அன்று சோதித்தது புதுக்குழல். உங்கள் தாத்தாவின் குழல் நூறு வருடத்துக்கும் மேல் இந்தக் கடலோரக் காற்றைக் குடித்திருக்கிறது. கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்துப் பிரைமர்களும் துருவைக் கிளப்பும். ஒட்டு வரிகளில் அழுக்குத் தங்கியிருந்தால் துரு உள்ளே புகுந்து அரித்திருக்கும். வெளியே அழகாக மெருகேறி இருக்கும் குழலின் உட்புறம் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருப்பது சர்வசாதாரணம்.

இப்போது அடிப்பகுதியைப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து எடுத்துக் கவிழ்த்தால், தோட்டா நுழையும் பக்கத்தில் தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். துப்பாக்கியின் ஜாதகம் அங்கேதான் எழுதியிருக்கிறது. கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல் இருந்தால் பர்மிங்காம். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்தும் நட்சத்திரமும் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். குறைந்த விலைக் குதிரைத் துப்பாக்கிகளைக் காலனிகளுக்கெல்லாம் ஏற்றுமதி செய்தது லியேஜ்தான். அதனால் இரண்டு குழலுக்கும் நடுவில் ஓடும் பட்டியில் ஆங்கிலேயக் கடைப் பெயர் பொறித்திருக்கிறதே என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கவிழ்த்துப் பார்த்தால் பல நேரம் பெல்ஜிய முத்திரைதான் சிரிக்கும்.

பர்மிங்காம் துப்பாக்கியில் வைர வடிவக் கட்டத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தால், 1887க்கும் 1925க்கும் இடையில் முத்திரை இட்டது என்று பொருள். சில பழைய குழல்களில் ‘குண்டு போட அல்ல’, அதாவது ஒற்றைக் குண்டு போடக் கூடாது, என்ற அறிவிப்பை ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள்.  இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்குத் தனிச் சோதனை வந்ததே 1896 விதிகளில். என், பி என்ற இரண்டு எழுத்து முத்திரை 1904க்குப் பிறகு. புகையில்லா மருந்துச் சோதனையைச் சொல்லும் முத்திரை எதுவுமே இல்லையென்றால் அது கரிமருந்துக்கு மட்டும் சோதித்த குழல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலுமே அது முத்திரை இட்ட நாளில் குழல் எப்படி இருந்தது என்றுதான் சொல்லும். இன்றைய நிலையைச் சொல்லாது.

‘புதுத் தோட்டா கச்சிதமாகப் பொருந்துகிறது’ என்று எழுதியிருந்தீர்கள் பாருங்கள், பழைய துப்பாக்கிகளை உடைப்பதே அந்தக் கச்சிதம்தான். பழைய 12 போர் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். 65 மில்லிமீட்டர் என்று சொல்வது வழக்கம். இன்றைய கடைத் தோட்டா 70. ஆனால் அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்திருப்பதால் தோட்டா 60க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆகவே 65 அறைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், துப்பாக்கியும் டக்கென்று மூடும், எல்லாம் சரி என்று தோன்றும். விசையை இழுத்ததும் மடிப்பு விரிகிறது. விரிய இடமில்லாமல் கடைசி 5 மில்லிமீட்டர், அறை முடிந்து குழல் குறுகும் கழுத்துக்குள் போய் நிற்கிறது. ரவையும், மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் வைக்கும் தக்கையும் அந்த நெரிசலைப் பிதுங்கிக்கொண்டு தாண்ட வேண்டும். ஏற்கெனவே அழுத்தம் அதிகமான தோட்டா, கூடவே இந்த நெரிசல், இரண்டையும் சேர்த்து ஒட்டுப்போட்ட குழல் தாங்க வேண்டும். புதிய சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய விதியில் அனுமதித்த உச்ச அழுத்தம் 740 பார். இதமாகக் கட்டிய கரிமருந்துத் தோட்டாவில் அதில் பாதியளவுதான் எழும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை சில உண்டு. முதலில் இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு லேசாக உலுக்குங்கள். குழல் கடகடவென்று ஆடினால் பூட்டு தேய்ந்துவிட்டது. மூடிய நிலையில் விளக்குக்கு எதிரே பிடித்து, குழலின் பின்முகத்துக்கும் அது சாயும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் குழல்களைத் தனியே எடுத்து, அடியிலுள்ள கொக்கியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டுங்கள். கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் நடுவிலுள்ள பட்டியின் பற்றவைப்பு கெட்டியாக இருக்கிறது. தொப்பென்று அடங்கினால் எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடுக்கில் எத்தனை வருடத் துருவோ யார் கண்டது.

இதெல்லாம் தேறினாலும் கடைசித் தீர்ப்பு பழைய துப்பாக்கி தெரிந்த ஒரு துப்பாக்கி மெக்கானிக்குடையது. அவரிடம் மூன்று அளவு கேளுங்கள்: அறையின் நீளம், குழலின் உள்விட்டம், சுவரின் தடிமன். உள்விட்டம், வைரக் கட்டத்துக்கு வெளியே குழலில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 12 என்றால் 0.729 அங்குலம், 13 என்றால் 0.710. பல 12 போர் துப்பாக்கிகளில் 13 என்றே அடித்திருப்பார்கள். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் முத்திரையில் 13 இருக்க, அளந்தால் 0.730 வருகிறது என்றால், துருவை மறைக்க யாரோ உள்ளே சுரண்டி மெருகேற்றியிருக்கிறார்கள். சுரண்டிய அளவுக்குச் சுவர் மெலிந்திருக்கும். குழலின் நடுப்பகுதிச் சுவர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்கும், அதாவது அரை மில்லிமீட்டருக்கும், கீழே போயிருந்தால் நான் அதைச் சுவரில் மாட்டச் சொல்வேன். அறைக்கு அருகே இதைப்போல் நாலைந்து மடங்கு தடிமன் இருக்க வேண்டும். நீங்கள் குழலைத் தாங்கிப் பிடிக்கும் இடது கை எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று புரியும்.

குழல் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி தோட்டா.

கூடு மூன்று வகை: காகிதம், பிளாஸ்டிக், பித்தளை. காகிதக் கூடு பழைய துப்பாக்கிக்கு அழகு. ஆனால் கிடைப்பது கஷ்டம், நம் ஊர் ஈரத்தில் உப்பிக்கொண்டு அறைக்குள் போக மறுக்கும். பிளாஸ்டிக் கூடு எங்கும் கிடைக்கும். சுட்ட 70 கூட்டை 65க்கு வெட்டிக்கொள்ளலாம். கரிமருந்துச் சூட்டில் வாய் விளிம்பு உருகிச் சுருங்கும் என்பதால் ஒன்றிரண்டு முறைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பித்தளைதான் என் தேர்வு. விலை அதிகம், ஆனால் கழுவிக் கழுவிப் பல வருடம் ஓட்டலாம். ஒரு சங்கதி: பித்தளைக் கூட்டின் சுவர் மெல்லியது, உள்விட்டம் பெரிது. 12 போர் தக்கை அதற்குள் லொடலொடக்கும். 11 அல்லது 10 போர் தக்கை வாங்க வேண்டும். தக்கை தளர்வாக இருந்தால் தீ அதைச் சுற்றி முன்னே ஓடி ரவையைச் சிதறடிக்கும். பித்தளைக் கூடுகளில் சிலவற்றுக்குப் பெரிய பிஸ்டல் பிரைமர், சிலவற்றுக்கு 209 என்ற எண்ணுள்ள பிரைமர், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பர்மிங்காமின் கைனாக் கம்பெனி அந்தக் காலத்திலேயே மெல்லிய பித்தளைக் கூடு போட்டது. நம் டர்பனுக்குத் தெற்கே அம்பொகிண்ட்வினியில் வெடிமருந்து ஆலை கட்டியதும் அதே கைனாக்தான்.

மருந்து: கரிமருந்தில் மணியின் பருமனை எஃப் என்ற எழுத்தால் குறிப்பார்கள். எஃப் கூடக் கூட மணி பொடியாகும், எரிவது வேகமாகும். 12 போருக்கு இரண்டு எஃப். மூன்று எஃப் கையில் இருக்கிறதே என்று போட வேண்டாம், அழுத்தம் ஏறும். இங்கே கடைகளில் சோம்கெம் என்ற பெயர் போட்ட டப்பாக்களில் வருவது புகையில்லா மருந்து. அதில் ஒரு சிட்டிகைகூட இந்தக் கூட்டுக்குள் போகக் கூடாது. ‘கொஞ்சம் கலந்தால் கசடு குறையும்’ என்று பழைய ஆட்கள் சொல்லும் வைத்தியமும் வேண்டாம். இரண்டு டப்பாவும் ஒரே மேசை மேல் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்பதை ஒரு வீட்டு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: கரிமருந்தைக் கொள்ளளவால் அளப்பது பழைய முறை, இன்றும் அதுவே போதும். பழைய கணக்கு டிராமில் இருக்கும். இரண்டரை டிராம் என்றால் 68 கிரெயின், அதாவது 4.4 கிராம். இரண்டே முக்கால் என்றால் 75 கிரெயின், 4.9 கிராம். மூன்று டிராம் 82 கிரெயின், 5.3 கிராம். விதி ஒரே வரி: எந்தக் கரண்டியால் மருந்தை அளந்தீர்களோ அதே கரண்டியால் அதே அளவு ரவை. 75 கிரெயின் மருந்து கொள்ளும் கரண்டியில் ரவை ஏறக்குறைய ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் கொள்ளும். 12 போருக்கு மூன்று டிராமும் ஒன்றேகால் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவான ரவையும், அதாவது 32 கிராம், அந்தக் காலத்து முழு வேட்டைக் கட்டு. ஆனால் உங்கள் துப்பாக்கிக்கு நான் சொல்வது இரண்டரை டிராமும் முக்கால் அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேலேயுள்ள 25 கிராம் ரவையும். அதற்கு மேல் போகும் அவசியமே வராது. மருந்தைக் கூட்டினால் வேகம் அவ்வளவாக ஏறாது. புகையும் உதையும்தான் கூடும், ரவை வட்டத்தின் நடு ஓட்டையாகும். எட்டவில்லை என்றால் இன்னும் பத்தடி கிட்டே போங்கள்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைத் தோட்டாப் பெட்டியில் ‘3 டிராம் சமம்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். அதற்குள் மூன்று டிராம் மருந்து இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்று டிராம் கரிமருந்து தரும் வேகத்தை அந்தத் தோட்டாவும் தரும் என்றுதான் அர்த்தம். அதைப் படித்துவிட்டுப் புகையில்லா மருந்தை மூன்று டிராம் அளந்து போடுகிறவர் தன் கையில் குண்டு செய்கிறார். அதேபோல், பெட்டியில் அப்படி எழுதியிருப்பதால் பழைய துப்பாக்கிக்கு ஆகும் என்று நினைப்பதும் தப்பு. வேகம் ஒன்றாக இருக்கலாம், அழுத்தம் எழும் விதம் வேறு.

கட்டும் வரிசை இது. காலிக்கூட்டில் பிரைமரை ஏற்றுங்கள். பிறகு கூட்டை ஒரு மரக்கட்டையில் நிறுத்துங்கள். பிரைமருக்கு நேர் கீழே கட்டையில் ஒரு துளை இருக்கட்டும், எதுவும் அதை முட்டக் கூடாது. மருந்தைப் பித்தளைக் கரண்டியால் அளந்து ஊற்றி, கூட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் மணிகள் படியும். அதன் மேல் மூன்று மில்லிமீட்டர் தடித்த கெட்டி அட்டைத் தக்கை. மரக்கோலால் நேராக அழுத்தி இறக்குங்கள். சுத்தியல் பக்கமே போகாதீர்கள். தக்கை மருந்தைத் தொட்ட பிறகும் ஒரு மூச்சு அழுத்த வேண்டும். மருந்துப் படுகை இரண்டு மில்லிமீட்டர் போல இறங்கும். அந்த நொறுநொறுப்பு கோல் வழியாக உள்ளங்கைக்குத் தெரியும். கரிமருந்துக்கும் தக்கைக்கும் இடையில் காற்று இருக்கக் கூடாது என்பது இந்தக் கைவேலையின் உயிர்நாடி. ஒவ்வொரு கூட்டிலும் ஒரே மாதிரி அழுத்தினால்தான் ஒவ்வொரு வெடியும் ஒரே மாதிரி இருக்கும்.

அடுத்தது நார்த் தக்கை, அரை அங்குலம். இதன் ஓரத்தைத் தேன்மெழுகும் கொழுப்பும் உருக்கிய கலவையில் லேசாகத் தோய்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ சேர்த்தாலும் சரி. கசடு இளகியே இருக்கும். பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். கரிமருந்துக் கசடோடு சேர்ந்து தார் போல ஒட்டிக்கொள்ளும். புதுத் தோட்டாக்களில் வரும் பிளாஸ்டிக் கிண்ணமும் வேண்டாம், அது உருகிக் குழலில் கோடு கோடாகப் படியும். நார்த் தக்கைக்கு மேல் ரவை. ஈய ரவை மட்டும். எஃகு ரவை பழைய மென்குழலைக் கீறிவிடும். ரவைக்கு மேல் மெல்லிய அட்டை. பிளாஸ்டிக், காகிதக் கூடுகளில் இந்த அட்டைக்கு மேல் ஆறு மில்லிமீட்டர் சுவர் மிச்சம் இருக்க வேண்டும். உருட்டு மடிப்புக் கருவியால் அதை உள்நோக்கிச் சுருட்டுவோம். பித்தளையில் மடிப்பு கிடையாது. அட்டையின் ஓரத்தில் சோடியம் சிலிகேட்டோ நல்ல பசையோ ஒரு வளையம் ஓடவிட்டுக் காயவைத்தால் போதும்.

உயரம் சரியாக வரவில்லை என்றால் நார்த் தக்கையைக் குறைத்தோ கூட்டியோதான் சரிசெய்ய வேண்டும். பிளேடால் இழையிழையாகப் பிரியும் என்பதால் அது சுலபம். இடம் நிரம்பவில்லையே என்று மருந்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடத்தை நிரப்புவது தக்கையின் வேலை, மருந்தின் வேலை அல்ல.

அறையில் அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. புகையில்லா மருந்து திறந்த வெளியில் சீறி எரியும். கரிமருந்து ஒரு பொறியில் பட்டென்று பிடிக்கும். திருவிழாவில் அதிர்வேட்டுப் போடுகிறவரின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அளந்தவுடன் டப்பாவை மூடித் தள்ளி வையுங்கள். தானாக அளந்து ஊற்றும் பிளாஸ்டிக் குடுவைக் கருவிகளில் கரிமருந்தை நிரப்பாதீர்கள். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. அவற்றையும் கொள்ளளவால்தான் அளக்க வேண்டும், எடையால் அல்ல. டிரிபிள் செவன் கரிமருந்தைவிட வீரியம் கூடியது, தயாரிப்பாளர் சொல்லும் குறைப்பைப் பார்த்தே அளக்க வேண்டும். பழைய டமாஸ்கஸுக்கு நான் நிஜக் கரிமருந்தை விட்டு வேறெதற்கும் போவதில்லை.

முதல் இரண்டு வெடியைத் தோளில் வைத்துச் சுடாதீர்கள். சுடுகளத்தில் துப்பாக்கியைப் பழைய டயரில் மணல்மூட்டையோடு கட்டி, விசையில் நீளக் கயிறு கட்டி, மறைவில் நின்று இழுப்பது பழைய வழக்கம். பிறகு குழலை வெளியே விரலால் தடவிப் பாருங்கள், புதிதாக ஏதாவது வீக்கம் தெரிகிறதா என்று. அப்புறம் தோளுக்கு. உதை ஒரு தள்ளு போல நிதானமாக வரும். புதுத் தோட்டாவின் சுரீர் அடி இருக்காது. காற்றில்லாத நாளில் உங்கள் புகையே மறைத்து, இலக்கில் பட்டதா இல்லையா என்று தெரியாது. குதிரை விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள்; குழலைக் களத்தை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடம் பொறுங்கள். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால், தக்கை நடுக்குழலில் நிற்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வெடிக்குப் போக வேண்டாம்.

கழுவுவதைத் தள்ளிப்போட முடியாது. எரிந்த கரிமருந்தில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். குழலில் தங்கும் உப்பும் கந்தகமும் அதுதான். டர்பன் ஈரத்தில் ஒரு ராத்திரி போதும், காலையில் குழலுக்குள் செந்நிறம் தெரியும். விலையுயர்ந்த எண்ணெய் இதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். குழல்களைக் கழற்றி, வெந்நீரில் சோப்புக் கரைத்துத் தேய்த்து, வெறும் வெந்நீரால் அலசினால் சூட்டிலேயே பாதி உலர்ந்துவிடும். துணிவிட்டு முழுக்க உலர்த்தி, எண்ணெய் பூசி, மறுநாள் ஒருமுறை துணிவிட்டுப் பாருங்கள். அடுத்த முறை சுடும் முன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். பித்தளைக் கூடுகளைச் சுட்ட இடத்திலேயே சோப்புத்தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால் வீட்டில் வேலை மிச்சம்.

டொங்காட் என்பதால் இன்னொன்று. நம் பக்கம் கினிக்கோழி வேட்டைக்குப் போகும் குளிர்காலம்தான் மழையில்லாத காலம், சருகெல்லாம் காய்ந்து கிடக்கும். கரிமருந்துத் தோட்டாவிலிருந்து போகும் நார்த் தக்கை சில நேரம் கங்கு பிடித்தபடியே இருபது முப்பது அடி தள்ளிப் போய் விழும். கரும்புச் சோகையில் விழுந்தால் என்ன ஆகும் என்று தோட்டக்காரர் பேரனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு ஓரத்தில் சுடாதீர்கள். வெட்டிய நிலத்தில் சுட்டாலும் தக்கை விழுந்த இடத்துக்கு நடந்து போய் மிதித்துவிட்டு வாருங்கள். கையில் தண்ணீர் இருக்கட்டும்.

கடைசியாக, கட்டிய ஒவ்வொரு தோட்டாவின் மூடும் அட்டையிலும் பேனாவால் ‘க’ என்று எழுதி, மருந்தளவையும் ரவையளவையும் பெட்டி மேல் எழுதி வையுங்கள். நீங்கள் கட்டிய கரிமருந்துத் தோட்டாவை யாராவது புதுத் துப்பாக்கியில் போட்டால், அறை 12 போராக இருக்கும்வரை அழுக்காகும், அவ்வளவுதான். ஆனால் கடைத் தோட்டா ஒன்று உங்கள் பெட்டிக்குள் கலந்து தாத்தாவின் துப்பாக்கிக்குள் போய்விட்டால், இதுவரை அளந்த சுவர்த் தடிமனுக்கெல்லாம் பயனே இல்லாமல் போகும். அந்தத் துப்பாக்கி இருக்கும் பெட்டகத்தில் 70 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றுகூட வைக்காதீர்கள். இப்போது வாங்கி வைத்திருப்பதை உரிமமுள்ள விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழலை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அவர் சொல்லும் மூன்று அளவையும் முத்திரைகளின் படத்தையும் அனுப்பினால், எந்தக் கூடு, எவ்வளவு தக்கை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.